பிக்கப் வண்டி திணறுகிறதா? எரிபொருள் ஃபில்டர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்கப் வண்டியின் இன்ஜின் திணறத் தொடங்கினால் எல்லோரும் முதலில் கை வைப்பது எரிபொருள் ஃபில்டரில்தான். சில வண்டிகளில் அந்தச் சந்தேகம் சரியாக இருக்கும். மற்றவற்றில் ஃபில்டரை மாற்றிய செலவும் அழுக்கான கையும்தான் மிச்சம். ஃபில்டரை எப்போது சந்தேகிப்பது, எப்படிச் சோதிப்பது, எப்படி மாற்றுவது என்பவற்றுக்கான பதில்கள் இங்கே உள்ளன. பெட்ரோல், டீசல் இரண்டும் பேசப்படுகின்றன; வேறுபடும் இடங்களில் தனித்தனியே சொல்லியிருக்கிறேன்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் கிளம்புகிறது. ஃபில்டர் அடைத்துவிட்டதா?

இந்த ஒரு தகவலை வைத்துச் சொல்ல முடியாது. எந்த உதிரிப்பாகம் என்று யோசிக்கும் முன், எப்போது திணறுகிறது என்று கவனியுங்கள். பாதி விடை அதில் இருக்கிறது.

நின்ற நிலையிலிருந்து பெடலைத் தொட்ட உடனே ஒரு தடுமாற்றம், பிறகு வண்டி சாதாரணமாக ஓடுகிறது என்றால் ஃபில்டர் பெரும்பாலும் நிரபராதி. காற்றின் அளவை அளக்கும் சென்சாரில் அழுக்கு, திராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) நிலையைக் காட்டும் சென்சாரில் தேய்மானம், வெற்றிடக் குழாய்களில் எங்காவது கசிவு ஆகியவைதான் இந்தத் தடுமாற்றத்துக்கு வழக்கமான காரணங்கள். பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால், பெடலை அழுத்தும் கணத்தில் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்ஸிலரேட்டர் பம்பின் ரப்பர் கிழிந்திருக்கலாம்.

புறப்படும்போது நன்றாக இருந்து, மேட்டில் சுமையோடு ஏறும்போதோ நெடுஞ்சாலையில் முந்தும்போதோ மெல்ல மெல்ல இழுவை வற்றிப்போனால், எரிபொருள் போதுமான அளவு வந்து சேரவில்லை என்று பொருள். ஃபில்டர் அந்தப் பட்டியலில் முன்னால் நிற்கிறது.

வெடுக் வெடுக்கென்று உதறினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் கலவை சரியாகப் பற்றவில்லை. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பக்கம் போங்கள். எரிபொருள் குறைந்தால் வண்டி சோர்ந்துபோகும். தீப்பொறி தவறினால் உதைக்கும். இந்த வேறுபாட்டை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே உணரலாம்.

ஐடிலிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) கடிகாரம் போல ஓடுகிறதே, ஃபில்டர் அடைத்திருந்தால் அதுவும் கெட்டிருக்க வேண்டாமா?

வேண்டியதில்லை. ஐடிலிங்கில் ஒரு பிக்கப் இன்ஜின் மணிக்கு ஓரிரண்டு லிட்டருக்கு மேல் குடிப்பதில்லை. முக்கால்வாசி அடைத்த ஃபில்டர்கூட அவ்வளவைத் தாராளமாக விட்டுவிடும். அதே இன்ஜின் முழுச் சுமையில் மேடு ஏறும்போது அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் கேட்கும். அப்போதுதான் அடைப்பு தன்னைக் காட்டும். பட்டறையில் நிறுத்தி வைத்து ஆக்ஸிலரேட்டரை முடுக்கிப் பார்த்துவிட்டு ‘வண்டியில் ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்புவது இதனால்தான் நடக்கிறது. சுமை இல்லாத சோதனை இந்தக் கோளாறுக்குச் சோதனையே ஆகாது.

நோய் முற்றினால் காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பது, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகவே மறுப்பது, சிக்னலில் நின்றுபோவது எல்லாம் வரும். அவை வரும்வரை காத்திருப்பது பம்புக்குக் கெடுதல்.

அடைத்த ஃபில்டரோடு ஓட்டினால் பம்புக்கு என்ன ஆகும்?

பெட்ரோல் வண்டிகளில் மின்சார பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. தன் வழியாக ஓடும் பெட்ரோலே அதைக் குளிர்விக்கிறது. ஃபில்டர் அடைத்தால் பம்ப் அதிக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும். மின்னோட்டம் கூடுகிறது, ஓட்டம் குறைகிறது, சூடு ஏறுகிறது. சின்ன உதிரிப்பாகத்தை மாற்றத் தயங்கி, டேங்கை இறக்கிச் செய்யும் பெரிய வேலையை இழுத்துக்கொள்வது இப்படித்தான். டேங்கை எப்போதும் அடிமட்டத்திலேயே வைத்து ஓட்டும் பழக்கமும் அதே கெடுதலைச் செய்கிறது.

செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. அப்படியும் ஸ்கேனர் மாட்ட வேண்டுமா?

மாட்டுங்கள். விளக்கு எரியும் அளவுக்குப் போகாத கோளாறுகள் நினைவகத்தில் நிலுவையில் இருக்கும். ஸ்கேனர் அவற்றைக் குறியீடுகளாகக் காட்டும். பி0171, பி0174 என்றால் கலவையில் காற்று அதிகம், எரிபொருள் குறைவு. பி0087 என்றால் எரிபொருள் ரெயிலில் (எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பங்கிடும் குழாய்) அழுத்தம் போதவில்லை. பி0300 வரிசை மிஸ்ஃபயர். எந்தக் குறியீடும் ‘ஃபில்டரை மாற்று’ என்று சொல்லாது. பி0171 வந்தவுடன், எக்ஸாஸ்டிலிருந்து கலவையின் நிலையைச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த சென்சார் பெரும்பாலும் உள்ளதைத்தான் சொல்கிறது. செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிப்பதில் பயன் இல்லை.

பெட்ரோல் வண்டியில் குறியீட்டைவிடப் பயனுள்ளது எரிபொருள் திருத்த அளவு. கணினி தான் கணக்கிட்டதைவிட எத்தனை விழுக்காடு கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்க வேண்டியிருக்கிறது என்பதை அது காட்டும். ஆரோக்கியமான வண்டியில் அது பூச்சியத்தை ஒட்டி இருக்கும். கூட்டல் 10 விழுக்காட்டைத் தாண்டினால் விசாரிக்க வேண்டும். ஐடிலிங்கில் அதிகமாக இருந்து, இன்ஜினை 2,500 சுற்றில் பிடிக்கும்போது இறங்கினால் வெற்றிடக் கசிவு. கசியும் காற்று அதே அளவுதான், இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றில் அதன் பங்கு குறைகிறது. ஐடிலிங்கில் சரியாக இருந்து சுமை ஏற ஏற இதுவும் ஏறினால், எரிபொருள் வரத்துக் குறைவு அல்லது காற்று சென்சாரில் அழுக்கு. இவை இரண்டையும் பிரிக்க அழுத்தமானி வேண்டும்.

ஃபில்டரைத் தொடும் முன் எதையெல்லாம் பார்த்துவிட வேண்டும்?

கருவி இல்லாமல் பார்க்கக்கூடியவற்றை முதலில் பாருங்கள். காற்று ஃபில்டர் எப்படி இருக்கிறது? அதிலிருந்து திராட்டில் வரை போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளில் வெடிப்பு உண்டா? இன்ஜின் அசையும்போது மட்டும் வாய் திறக்கும் வெடிப்புகள் உண்டு. குழாயை வளைத்துப் பார்க்க வேண்டும். ‘உஸ்’ என்ற சத்தம் எங்காவது கேட்கிறதா? கசிவைத் தேட, சூடான இன்ஜின்மேல் எரியக்கூடிய ஸ்பிரேக்களை அடிக்கும் வித்தையை விட்டுவிடுங்கள். சோப்புத் தண்ணீரோ புகைச் சோதனையோ போதும்.

காற்று சென்சாரைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் கிளீனரால் மட்டும் தெளித்து, தானே உலரவிட்டு மாட்டலாம். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைத் துணியாலோ விரலாலோ தொடக் கூடாது. கார்புரேட்டர் கிளீனரும் அதற்கு ஆகாது.

டர்போ டீசல் வண்டியில் இழுவை குறைந்து கறுப்புப் புகை வந்தால், எரிபொருள் தாராளமாகவே வருகிறது, காற்றுதான் போதவில்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலர் (காற்றைக் குளிர்விக்கும் பகுதி) வழியாக வரும் குழாய் கழன்றிருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடம் அநேகமாகக் காட்டிக்கொடுக்கும். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் எரிபொருள் பக்கம் திரும்புங்கள்.

எரிபொருள் அழுத்தத்தை எப்படி அளப்பது?

பல பெட்ரோல் இன்ஜின்களில் எரிபொருள் ரெயிலின் மீது டயர் வால்வு போன்ற ஒரு சிறு வால்வு இருக்கும். அழுத்தமானியை அங்கே மாட்டலாம். இல்லாத வண்டியில் குழாய்க்கு நடுவே இணைக்கும் அடாப்டர் தேவை. கார்புரேட்டர் வண்டிக்குச் சுமார் 4 முதல் 7 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) போதும். சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் உள்ள வழக்கமான பெட்ரோல் இன்ஜின்கள் பெரும்பாலும் 35 முதல் 60 பிஎஸ்ஐக்குள் இயங்கும். உங்கள் இன்ஜினுக்கான சரியான எண் பழுதுபார்ப்புக் கையேட்டில்தான் இருக்கிறது.

ஐடிலிங்கில் எண் சரியாக இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மானியைக் கண்ணாடிக்கு வெளியே தெரியும்படி உறுதியாகக் கட்டி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க, மேட்டில் ஏற்றுங்கள். திணறும் அதே கணத்தில் முள் சரிந்தால் வழக்கு முடிந்தது: எரிபொருள் வரத்துதான் கோளாறு. முள் அசையாமல் நிற்கும்போதே வண்டி திணறினால் ஃபில்டரை மறந்துவிட்டுத் தீப்பொறியையும் காற்றையும் பாருங்கள். அழுத்தமானியின் குழாயை ஒருபோதும் வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது.

முள் சரிந்தது ஃபில்டராலா, பம்பாலா? ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அளக்க முடிந்தால் தெளிவாகிவிடும். முன்னால் நல்ல அழுத்தம், பின்னால் குறைவு என்றால் ஃபில்டர். இரண்டு பக்கமும் குறைவு என்றால் பம்ப், அல்லது பம்பின் வாயில் உள்ள வலை, அல்லது பம்புக்குப் போகும் மின்சாரம். துருப்பிடித்த எர்த் இணைப்பு ஒன்றினால் பம்புக்குப் போதிய வோல்ட் கிடைக்காமல், நல்ல பம்பைக் கெட்டது என்று தூக்கியெறிந்தவர்கள் உண்டு. பம்பின் பிளக்கில், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட்டை அளந்துவிடுங்கள்.

இவை எல்லாம் பெட்ரோலின் குறை அழுத்தப் பக்கத்துக்கு. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியின் உயர் அழுத்தக் குழாய்களில் 1,600 பார் (இதுவும் அழுத்த அலகு), சிலவற்றில் 2,000 பாருக்கும் மேல் அழுத்தம் நிற்கிறது. அங்கே மானியும் ஸ்பானரும் கொண்டு போகக் கூடாது. ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் எவ்வளவு கேட்கப்படுகிறது, எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்தால் போதும்.

அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுத் திணறி நிற்கிறது. சிறிது நேரம் விட்டுவிட்டால் மறுபடி ஓடுகிறது. இது என்ன?

மூன்று பேரைச் சந்தேகிக்கலாம். டேங்கின் அடியில் மிதக்கும் குப்பை பம்பின் உறிஞ்சு வலையில் ஒட்டிக்கொள்கிறது. இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் நின்று குப்பை உதிர்ந்துவிடுகிறது. அல்லது டேங்கின் காற்றுத் துளை அடைத்து உள்ளே வெற்றிடம் உருவாகிறது. நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்தால் காற்று உள்ளே பாயும் சத்தம் கேட்கும், உடனே வண்டி ஓடும். அல்லது சூடேறினால் மட்டும் மக்கர் செய்யும் பம்ப், காயில், இன்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சார். இவற்றில் எதையும் ஃபில்டர் மாற்றித் தீர்க்க முடியாது.

என் வண்டியில் ஃபில்டர் எங்கே இருக்கிறது?

பழைய பெட்ரோல் பிக்கப்களில் டேங்குக்கும் இன்ஜினுக்கும் இடையே, சேஸிஸ் சட்டத்தின் உட்பக்கத்தில் ஓர் உலோக உருளையாக இருக்கும். கார்புரேட்டர் வண்டிகளில் குழாய் நடுவே சிறு பிளாஸ்டிக் குப்பியாகவோ, கார்புரேட்டரின் நுழைவாயிலுக்குள்ளேயோ இருக்கலாம். டீசலில் பெரும்பாலும் இன்ஜின் அறையில், கையால் அழுத்தும் பம்போடு சேர்ந்து இருக்கும். சிலவற்றில் சேஸிஸில் இன்னொன்றும் உண்டு.

புதிய பெட்ரோல் பிக்கப்கள் பலவற்றில் வெளியே ஃபில்டரே கிடையாது. அது டேங்குக்குள் பம்போடு ஒரே தொகுதியாக இருக்கிறது; மாற்றும் இடைவெளியும் சொல்லப்படுவதில்லை. வண்டிக்கு அடியில் அரை நாள் தேடும் முன் கையேட்டைப் பாருங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

கையேடு சொல்லும் கணக்குதான் கணக்கு. டீசலுக்குப் பெட்ரோலைவிட இடைவெளி குறைவாக இருப்பது வழக்கம். புழுதிச் சாலை, பீப்பாயிலிருந்து ஊற்றும் எரிபொருள், மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் அந்தக் கணக்கைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. பழைய வண்டியைப் புதிதாக வாங்கியவர் தேதி பார்க்காமல் மாற்றிவிடலாம்.

இதை நானே செய்யலாமா?

சேஸிஸில் வெளியே தெரியும் ஃபில்டரானால் செய்யலாம். டேங்கை இறக்க வேண்டியிருந்தால் பட்டறைக்கு விடுங்கள். கடினம் ஸ்பானர் வேலையில் இல்லை. பெட்ரோல் ஆவியில் இருக்கிறது. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி, சற்றுத் தள்ளி இருக்கும் சிறு சுடரைக்கூடத் தேடிப்போகும். ஆகவே திறந்த வெளியில், இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, அடுப்போ வாட்டர் ஹீட்டரோ பக்கத்தில் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள். சூடேறும் பல்பு விளக்கு வேண்டாம். எல்இடி விளக்கு போதும். எண்ணெய்த் தீக்கு உரிய பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு அடியில் படுக்கிறவர் ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சட்டத்தை ஜாக் ஸ்டாண்டுகளில் நிறுத்திய பிறகே உள்ளே போக வேண்டும். பிக்கப் உயரமானது, பல வண்டிகளில் தூக்காமலேயே கை எட்டும்.

பெட்ரோல் குழாயில் உள்ள அழுத்தத்தை எப்படி இறக்குவது?

டேங்க் மூடியைத் திறந்து வையுங்கள். பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்குங்கள். எது என்பது ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தில் இருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் குழாயில் உள்ளதைக் குடித்துவிட்டுச் சில நொடிகளில் நிற்கும். மேலும் ஓரிரு நொடி செல்ஃப் அடியுங்கள். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். இதன் பிறகும் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும். அது பீய்ச்சாது, ஒழுகும். கீழே பாத்திரம், குழாய் இணைப்பைச் சுற்றித் துணி.

பெட்ரோல் ஃபில்டரை மாற்றும் முறை என்ன?

பழையதைக் கழற்றும் முன் அதன் மேலுள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்பு இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். மூட்டுகளைச் சுற்றியுள்ள சேற்றை பிரஷால் நன்றாகத் துடையுங்கள். ஃபில்டருக்குப் பிந்திய குழாயில் விழும் மண் துகள் நேரே இன்ஜெக்டருக்குப் போகும்.

இணைப்பு மூன்று வகையாக இருக்கலாம். ரப்பர் ஹோஸும் கிளாம்பும் உள்ளவை எளிது. ஆனால் ஹோஸ் வெடித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், அதுவும் இன்ஜெக்ஷனுக்கான உயர் அழுத்த ஹோஸாக. எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்டது இன்ஜெக்ஷனுக்கு, 30ஆர்7 கார்புரேட்டருக்கு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி கறுப்பாக இருக்கும். அழுத்தம் ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும். மரை உள்ள இணைப்பானால் இரண்டு ஸ்பானர் தேவை: ஒன்று ஃபில்டரின் நட்டைப் பிடிக்க, மற்றது குழாய் நட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பானரால் திருகினால் இரும்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும். செப்பு வாஷர் இருந்தால் அதைப் புதிதாகப் போடுங்கள். மூன்றாவது வகை அழுத்தி மாட்டும் குவிக் கனெக்டர். அதற்கு அடுத்த கேள்வியில் தனியாக வருகிறேன்.

புதியதைப் பிராக்கெட்டில் வைத்து, அம்பைச் சரிபார்த்து, ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை குழாய்களைத் தள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. சில உலோக ஃபில்டர்களில் எர்த் பட்டி ஒன்று இருக்கும். ஓடும் பெட்ரோல் உண்டாக்கும் நிலைமின்சாரத்தைச் சட்டத்துக்கு இறக்கிவிடுவது அதன் வேலை. அநாவசியம் என்று அதை விட்டுவிடக் கூடாது.

பேட்டரியையும் ஃபியூஸையும் மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்யுங்கள். பம்ப் சுமார் இரண்டு நொடி ஓடி நிற்கும். அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். மூன்று முறை போதும். இறங்கி மூட்டுகளைப் பாருங்கள். ஒரு துளிகூட இல்லை என்றால் மட்டும் ஸ்டார்ட் செய்து, ஓடும்போதும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குவிக் கனெக்டர் கழல மறுக்கிறது. உடைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். நைலான் குழாய்கள் பழசானால் நொறுங்கும். ஸ்குரூடிரைவரால் நெம்புவதுதான் பெரும்பாலான உடைசலுக்குக் காரணம். உள்ளே சேர்ந்த புழுதியைத் தண்ணீரால் கழுவி, காற்றடித்து வெளியேற்றுங்கள். பிறகு குழாயை முதலில் ஃபில்டரை நோக்கி உள்ளே தள்ளுங்கள். அப்போதுதான் பூட்டின் மேலுள்ள இழுவிசை தளரும். அந்த நிலையிலேயே காதுகளை அழுத்தி, நேராக வெளியே இழுங்கள். வெளியே காது தெரியாமல் உள்ளே ஸ்பிரிங் உள்ள வகைக்கு வளைய வடிவக் கருவி வேண்டும். 5/16 அங்குலமும் 3/8 அங்குலமும் பரவலான அளவுகள். கருவி இல்லாமல் அந்த வகையோடு மல்லுக்கட்ட வேண்டாம். மாட்டும்போது குழாய் முனையில் ஒரு சொட்டுச் சுத்தமான இன்ஜின் ஆயில் தடவினால் ஓ-ரிங் கிழியாது.

டீசல் ஃபில்டரை மாற்றுவதில் என்ன வேறுபாடு?

இரண்டு விஷயங்கள் கூடுதலாக வருகின்றன: தண்ணீர், காற்று.

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் தங்கும் கிண்ணமும் வடிகால் திருகும் இருக்கும். முதலில் அதைத் திறந்து கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயும் பிரிந்து நிற்கும். நிறையத் தண்ணீர் வந்தால் மாற்ற வேண்டியது ஃபில்டர் மட்டுமில்லை, எரிபொருள் வாங்கும் இடமும்கூட. அடியில் தண்ணீர் சென்சார் இருந்தால் அதைக் கழற்றிப் புதியதில் மாட்ட மறந்துவிடாதீர்கள்; பழையதோடு சேர்த்துக் குப்பைக்குப் போவது வாடிக்கை.

புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் சுத்தமான டீசல் தடவி, கையால் திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது ஃபில்டரின் மேலேயே அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் முக்கால் சுற்று. ஸ்பானர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்த மாட்டார்.

புதிய ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டலாமா என்பது முடிவில்லாத விவாதம். பழைய இயந்திரப் பம்ப் இன்ஜின்களில் அப்படித்தான் செய்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. காமன் ரெயிலில் வேண்டாம் என்பேன். நடுத்துளை வழியாக ஊற்றினால் வடிகட்டாத டீசல் ஃபில்டரின் சுத்தமான பக்கத்தில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து இன்ஜெக்டர் வரை வேறு தடுப்பு கிடையாது. இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளிகள் சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். காலியாக மாட்டி, கைப்பம்பால் நிரப்புங்கள். வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

காற்று எடுக்கும் திருகு இருந்தால் அதைச் சற்றே தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை கைப்பம்பை அழுத்தி, இறுக்குங்கள். பிறகு பம்ப் கல்லைப் போலக் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். மின்சாரப் பம்ப் உள்ள வண்டியில் சாவியைச் சில முறை ஆன் செய்து காத்திருந்தால் போதும்.

டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது ஆகி நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

உள்ளே காற்று இருக்கிறது. செல்ஃபை விடாமல் அடித்து மோட்டாரை எரித்துவிடாதீர்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 15 நொடி, நடுவே ஓரிரு நிமிட ஓய்வு. கைப்பம்பைத் திரும்ப அழுத்துங்கள்.

பல டீசல் வண்டிகளில் உயர் அழுத்தப் பம்ப் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் மூட்டுத் தளர்ந்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே புகும். வெளியே எல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கும். வண்டி மட்டும் திணறும். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே சிறிது நீளத்துக்கு டீசலைத் தாங்கும் ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபில்டரின் ரப்பர் வளையம்: பழைய வளையம் தலைப்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியது ஏறியிருக்கலாம்.

பழைய டீசல்களில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பார்கள். காமன் ரெயிலில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் அது உடனே அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய காயம்.

பெட்ரோல் வண்டியில் மாற்றியபின் ஸ்டார்ட் ஆகாவிட்டால்?

பிடுங்கிய ஃபியூஸ் மேஜை மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து அம்புக்குறி. சில பிக்கப்களில் மோதலின்போது பம்பை நிறுத்தும் அதிர்வு சுவிட்ச் உண்டு. வேலையின்போது தட்டுப்பட்டிருந்தால் அதன் பொத்தானை அழுத்த வேண்டும்.

புது ஃபில்டரும் சில வாரங்களிலேயே அடைத்துவிட்டது. போலி ஃபில்டரா?

போலியானது அடைப்பதைவிட, அடைக்காமல் அழுக்கை விட்டுவிடுவதுதான் அதிகம். சீக்கிரம் அடைத்தால் டேங்கைப் பாருங்கள். கழற்றிய ஃபில்டரின் உள்வரும் முனையைக் கவிழ்த்து, வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். செம்பழுப்புத் துகள் என்றால் டேங்கின் உள்ளே துரு. டீசலில் கறுத்த வழவழப்பான கசடு என்றால் நுண்ணுயிர் வளர்ச்சி. அது தண்ணீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் வாழ்கிறது, ஆகவே தண்ணீரை அகற்றாமல் மருந்து மட்டும் ஊற்றிப் பயனில்லை. உலோக மினுக்கம் தெரிந்தால் பம்ப் தேய்கிறது. வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள்.

பழைய வண்டியில் எத்தனால் கலந்த பெட்ரோலை முதன்முறையாக ஊற்றும்போதும் இது நடக்கும். டேங்கில் வெகுநாள் படிந்திருந்த கசடை எத்தனால் கரைத்துக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பும். ஒன்றிரண்டு ஃபில்டருக்குப் பிறகு அடங்கிவிடும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரிந்து, பம்ப் முதலில் அதைத்தான் உறிஞ்சும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் இது கவனிக்க வேண்டியது.

கடுங்குளிர் உள்ள இடங்களில் டீசலில் உள்ள மெழுகு உறைந்தும் ஃபில்டரை அடைக்கும். வெயில் ஏறினால் தானே சரியாகும் அடைப்பு அது. குளிர்கால டீசல்தான் மருந்து.

பழைய ஃபில்டரைக் கழுவி மாட்டலாமா?

கூடாது. துவாரங்களுக்குள் சிக்கியது கழுவினால் வராது, பின்னோக்கிக் காற்றடித்தால் காகிதம் கிழியும். கழுவி மாட்டும்படியே செய்யப்பட்ட உலோக வலைகள் மட்டும் விதிவிலக்கு.

எரிபொருளில் கலக்கும் கிளீனர் ஊற்றினால் போதாதா?

ஃபில்டர் அடைப்புக்குப் போதாது. தரமான கிளீனர் இன்ஜெக்டர் முனையில் படிந்ததை ஓரளவு கரைக்கும். ஃபில்டரில் சிக்கிய துருவும் மணலும் எதிலும் கரைவதில்லை.

ஃபில்டர் புதிது, அழுத்தம் சரி, கசிவு இல்லை. திணறல் அப்படியே இருக்கிறது. இனி?

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இடைவெளி அகன்றுபோன பிளக் சாதாரண ஓட்டத்தில் சமாளித்துவிடும், சுமையில் தவறும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூடத் தீப்பொறி தாவுவது கடினமாகிறது. ஃபில்டர் அடைப்பைப் போலவே மேட்டில் மட்டும் தெரியும் கோளாறு இது. மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஒரே சிலிண்டரில் குவிந்தால் அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான்.

நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் இன்ஜினில் உள்வால்வுகள்மேல் கரி படிந்து, குளிர்ந்த நிலையில் மட்டும் திணறல் வரும். பெட்ரோல் அந்த வால்வுகளைத் தொடாமலேயே சிலிண்டருக்குள் போவதால் பெட்ரோலில் கலக்கும் எந்தக் கிளீனரும் அதை எட்டாது, வால்வைத் தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும். டீசலில் திறந்தபடி சிக்கிக்கொண்ட இஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை இன்ஜினுக்குத் திருப்பி விடுவது) புறப்படும்போது மூச்சுத்திணற வைக்கும். கடைசியாக, கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், எக்ஸாஸ்ட் பக்கம்: உருகி அடைத்த, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஃபில்டர் அடைப்பைப் போலவே வேகம் கூடக் கூட இழுவையைக் கொல்லும். உள்ளே போவது தடைபட்டாலும் வெளியே போவது தடைபட்டாலும் ஓட்டுநருக்கு ஒன்று போலவே தெரியும்.

கழற்றிய ஃபில்டரையும் வடித்த எரிபொருளையும் என்ன செய்வது?

ஃபில்டரை நன்றாக வடியவிட்டு, வடித்ததை மூடியுள்ள எரிபொருள் கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுங்கள். சாக்கடை, மண், வீட்டுக் குப்பை எதுவும் வேண்டாம். நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்து உலர்த்துங்கள். புதிய ஃபில்டரின் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் அழியாத மையால் எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை திணறும்போது அதைச் சந்தேகிக்க வேண்டுமா என்பது படுத்துப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.